எருமை மேய்ந்த ஏரி

இராஜஸ்தானத்துப் பரத்பூருக்கு அருகே கேவலாதேவ் கானா என்றொரு நீர்நிலம் உண்டு. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். இது தானே தோன்றிய ஏரியன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசர் சூரஜ்மல் எழுப்பிய அஜான் கரையின் நீரைக்கொண்டு, பின்வந்த மன்னர்கள் அப்பள்ளத்தை வாத்து வேட்டைக் களமாக்கினர். 1938-ஆம் ஆண்டு நவம்பரில், வைசிராய் லின்லித்கோ பிரபு விருந்தினராக வந்த ஒரே நாளில், 4,000-க்கு மேற்பட்ட பறவைகள் வீழ்த்தப்பட்டன. வேட்டைக் கணக்கைக் கல்லில் பொறித்தனர். அந்நீரில் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த எருமைகளின் பணியை எவரும் பொறித்திலர்.

1981-இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. மறு ஆண்டு கால்நடை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் தடையை விரும்பியவர்களே. அவர்கள் அச்சம் வீணன்று. மந்தை மிகுந்தால் குளம்புபட்டு மண் இறுகும், இளந்தளிர் முறியும், கரையோரச் செடி அழியும். பல நாடுகளில் கண்ட உண்மை இது. ஆயின் மேய்ச்சலை இழந்த சுற்றூர் மக்கள் கொதித்தெழுந்தனர். காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன.

பின் நிகழ்ந்ததுதான் வியப்பு. பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து, நீர்ப்பரப்பின்மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்தது. புல் மூடிய இடத்தில் வெயில் உட்புகாது. நீருள் வளரும் மென்செடிகள் நலியும். அவற்றை உண்ணும் வாத்துகளுக்கு இரையுமில்லை, இறங்கி நீந்த வெளியுமில்லை. மடிந்த தண்டுகள் அடியில் மக்கிப் படிய, ஏரிப் படுகையும் சிறிது சிறிதாக மேடுறும். எருமையோ கழுத்தளவு நீரில் இறங்கிப் புல்லைத் தின்றது. நடந்த தடமெல்லாம் நீரைத் திறந்துவிட்டது. 1980 முதல் பத்தாண்டுகள் அங்கே ஆராய்ந்து, தடையால் நீர்ப்பறவைகளுக்குக் கேடு நேர்ந்ததெனக் கண்டுரைத்தவர்கள் வேறெவருமல்லர். அதே பம்பாய்க் கழகத்தார்தாம்! தாம் விரும்பியதைத் தாமே மறுத்துரைத்த அந்நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதனால் எல்லாச் சதுப்பிலும் மந்தையை விடலாமென மாணவர்கள் கொள்ளவேண்டா. எத்தனை மாடு, எப்பருவம், எவ்வகை மண் என்பவற்றைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமையும். கானாவிலோ, பின்னாளில் ஊர்மக்கள் புல் அறுத்துச் செல்ல இசைவு பெற்றனர். ஆயினும் எருமை இறங்கும் ஆழத்திற்குக் கருக்கரிவாள் எளிதிற் செல்வதில்லை.