பாரிஸ்டரும் சொலிசிட்டரும்: ஒரு தொழில் இரண்டான வரலாறு

தமிழில் வழக்கறிஞர் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் தொழிலுக்கு இங்கிலாந்தில் பாரிஸ்டர், சொலிசிட்டர் என இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டும் சட்டம் பயின்றவரையே குறித்தாலும், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் பிறழ்ந்துவிடும். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுவதைத் தம் முதன்மைப் பணியாகக் கொண்டவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை நேரில் சந்தித்து, விவரங்களைக் கேட்டறிந்து, ஆவணங்களைத் திரட்டி, மனுக்களைத் தாக்கல் செய்து, வழக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திச் செல்பவர் சொலிசிட்டர். பாரிஸ்டரை உயர்ந்த வழக்கறிஞர் என்றும் சொலிசிட்டரை அவருக்கு அடுத்த படியில் நிற்பவர் என்றும் கொள்ளும் வழக்கம் தமிழரிடையே நெடுநாளாக இருந்துவருகிறது. பிறர்பொருட்டு நீதிமன்றத்தில் நிற்பவர் எந்தப் பொறுப்பில் நிற்கிறார் என்ற கேள்விக்கு இடைக்கால இங்கிலாந்து கண்ட இரண்டு விடைகளே இவ்விரண்டு பெயர்களுக்கும் வேர் என்பதை, இத்தொழிலின் எண்ணூறு ஆண்டு வரலாறு காட்டுகிறது.

இங்கிலாந்தின் பொதுச்சட்ட நீதிமன்றங்கள், அதாவது வழக்காற்றையும் முன்தீர்ப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு அரசரின் பெயரால் நீதி வழங்கிய மன்றங்கள், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்றபோது, வாதியும் பிரதிவாதியும் நேரில் வந்து நிற்க வேண்டும் என்பதே பொது விதியாக இருந்தது. தொலைவில் வாழ்ந்தவர்களுக்கும், தவணை மேல் தவணையாகத் தள்ளிவைக்கப்பட்ட வழக்குகளில் சிக்கியவர்களுக்கும் இது பெருஞ்சுமையானதால், தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்துக்கொள்ளும் உரிமை படிப்படியாக வழங்கப்பட்டது. அவ்வாறு நியமிக்கப்பட்டவருக்கு அட்டர்னி என்று பெயர். அவர் செய்தவையெல்லாம் கட்சிக்காரரே செய்தவையாகக் கருதப்பட்டன; அவர் தவணைக்கு வரத் தவறினால், தவறியவர் கட்சிக்காரர் என்றே மன்றம் கொண்டது.

இதற்கு முற்றிலும் வேறான நிலையில் இருந்தவர், வழக்கை மன்றத்தின் முன் எடுத்துரைத்தவர். அக்கால வாதங்கள் பிரெஞ்சு மொழியில், சொல் பிசகாத வாய்பாடுகளில் அமைய வேண்டியிருந்ததால், அவற்றைக் கற்றுத் தேர்ந்தவரின் துணை தேவைப்பட்டது. இவர் கட்சிக்காரரின் இடத்தில் நிற்கவில்லை, அவருக்கு அருகில் நின்று பேசினார். ஆகவே இவர் சொன்னதில் பிழை நேர்ந்தால், அது தம் கூற்றன்று எனக் கட்சிக்காரர் மறுத்துத் திருத்திக்கொள்ள இடமிருந்தது. அட்டர்னியின் செயலை அவ்வாறு எளிதில் உதறிவிட முடியாது. எடுத்துரைப்போருள் தலைசிறந்தவர்கள் பிற்காலத்தில் சார்ஜன்ட் என்ற பட்டத்துடன் தனிக் குழுவாயினர். 1292இல் முதலாம் எட்வர்டு, அட்டர்னிகளையும் சட்டம் பயில்வோரையும் நீதிபதிகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் 140 பேர் போதும் என்றும் ஆணையிட்டார். 1402ஆம் ஆண்டின் சட்டம், அட்டர்னிகளை நீதிபதிகள் சோதித்து அவர்களின் பெயர்களைப் பட்டியலில் பதிய வேண்டும் என்றது.

எடுத்துரைக்கும் கலை வளர்ந்த இடம் சட்ட விடுதிகள் ஆகும். லண்டன் நகரத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றங்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு விடுதிகள் உருவாயின; இவற்றுள் லிங்கன்ஸ் இன்னின் பதிவேடுகள் 1422 முதல் கிடைக்கின்றன. மாணவர்கள் இங்கேயே தங்கி, உண்டு, மூட் எனப்பட்ட பயிற்சி வழக்குகளில் வாதாடிப் பழகினர். மூத்த உறுப்பினர்கள் நீதிபதிகளின் நிலையில் பலகையில் அமர, வாதாடத் தகுதி பெற்ற மாணவர் பார் எனப்பட்ட தடுப்பின் வெளிப்பக்கத்தில் இடம்பெற்றார். பாரிஸ்டர் என்ற பெயர் இந்தத் தடுப்பிலிருந்தே வந்தது. விடுதிக்குள் வழங்கிய இந்தப் படிநிலை 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் உயர் மன்றங்களில் வாதாடும் உரிமைக்கே அடையாளமாயிற்று. பாரிஸ்டராக்கும் அதிகாரம் இன்றும் இந்த நான்கு விடுதிகளிடமே உள்ளது. விடுதியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்து உண்ண வேண்டும் என்ற பழைய விதிக்கு, இன்னர் டெம்பிளில் பயின்று 1891இல் பாரிஸ்டரான காந்தியும் உட்பட்டிருந்தார்.

சொலிசிட்டர் என்ற சொல் வேறொரு மன்றத்தில் பிறந்தது. பொதுச்சட்டத்தின் கடுமையால் நியாயம் கிடைக்காதவர்கள், அரசரின் தலைமை அமைச்சராகிய லார்டு சான்சலரிடம் முறையிட்டதிலிருந்து சான்சரி என்ற நீதிமன்றம் தோன்றியது. அது நேர்மைநெறியை, அதாவது மனச்சான்றுக்கு ஒத்த தீர்வை, அடிப்படையாகக் கொண்டது. அங்கே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தமையால், அலுவலகம் அலுவலகமாகச் சென்று, எழுத்தர்களைத் தூண்டி, வழக்கை நகர்த்திச் செல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வாறு விடாமல் முயல்பவர் என்ற பொருளில் அவருக்குச் சொலிசிட்டர் என்ற பெயர் அமைந்தது. திருச்சபை நீதிமன்றங்களிலும் கடல்வழக்கு நீதிமன்றத்திலும் இதே பணியைச் செய்தவர் ப்ராக்டர் எனப்பட்டார். இவ்வாறு, வழக்கை நடத்துபவர் என்ற ஒரே பொறுப்புக்கு மன்றத்துக்கு ஒரு பெயராக மூன்று பெயர்கள் வழங்கின.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இரு பிரிவினருக்கும் இடையே சமூக வேற்றுமை கூர்மையடைந்தது. நிலவுடைமைக் குடும்பங்களின் இளைய மைந்தர்கள் மிகுந்திருந்த சட்ட விடுதிகள், அட்டர்னிகளையும் சொலிசிட்டர்களையும் படிப்படியாக வெளியேற்றி, சான்சரி விடுதிகள் எனப்பட்ட சிறிய விடுதிகளுக்கு ஒதுக்கின. பாரிஸ்டர் விருந்தும் வாதப் பயிற்சியும் பெற்றுத் தொழிலுக்கு வர, அட்டர்னி ஒரு மூத்தவரிடம் எழுத்தராக இருந்து வேலை கற்றார். 1729ஆம் ஆண்டின் சட்டம் இந்தப் பயிற்சிக் காலத்தை ஐந்து ஆண்டுகள் என வரையறுத்து, அதன் முடிவில் நீதிபதியின் சோதனையையும் உறுதிமொழியையும் பெயர்ப் பதிவையும் கட்டாயமாக்கியது. கட்டணம் பெற்றுச் சொத்து மாற்ற ஆவணங்களை எழுதும் உரிமை 1804இல் சட்டத் தொழிலருக்கு மட்டும் உரியதாக்கப்பட்டதும், நிலம், வீடு, உயில் பற்றிய வேலைகள் இவர்களுக்கு நிலையான வருவாயைத் தந்தன. 1825இல் தோன்றி 1831இல் அரச சாசனம் பெற்ற அமைப்பு, லா சொசைட்டி என்ற பெயரில் இவர்களுடைய தலைமைச் சங்கமாக வளர்ந்தது.

இதற்கிடையே அட்டர்னி என்ற பழைய பெயர், வழக்குகளைத் தூண்டிவிட்டுப் பணம் பறிப்பவர் என்ற இகழ்ச்சியைச் சுமக்கத் தொடங்கியதால், அப்பெயருக்கு உரியவர்களே சொலிசிட்டர் என்று அழைக்கப்படுவதை விரும்பினர். 1873இல் இயற்றப்பட்டு 1875இல் நடைமுறைக்கு வந்த நீதித்துறைச் சட்டம், பொதுச்சட்ட மன்றங்களையும் சான்சரியையும் பிறவற்றையும் ஒரே உச்ச அமைப்பாக இணைத்தபோது, அட்டர்னி, சொலிசிட்டர், ப்ராக்டர் ஆகிய மூவரையும் சொலிசிட்டர் என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தது. அரசின் தலைமை வழக்கறிஞரைக் குறிக்கும் அட்டர்னி ஜெனரல் என்ற பதவிப் பெயரில் பழைய சொல் எஞ்சியது. அதற்கு அடுத்த பதவியாகிய சொலிசிட்டர் ஜெனரலையும் மரபாகப் பாரிஸ்டர்களே வகித்தனர் என்பதால், பதவிப் பெயரைக் கொண்டு தொழிற்பிரிவைத் தீர்மானிக்க இயலாது. தொழிற்பிரிவினை வேரூன்றாத அமெரிக்காவில், இங்கிலாந்து கைவிட்ட அட்டர்னி என்ற சொல்லே வழக்கறிஞர் அனைவருக்கும் பொதுப்பெயராயிற்று.

இடைக்காலத்தில் தோன்றிய பொறுப்பு வேறுபாடு அண்மைக் காலம் வரை சட்ட விளைவுகளை உண்டாக்கிக்கொண்டிருந்தது. சொலிசிட்டர் கட்சிக்காரருடன் ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டவர். தமக்குரிய கட்டணத்துக்காக அவர் வழக்குத் தொடரலாம், கவனக்குறைவுக்காக அவர்மீதும் வழக்குத் தொடரப்படலாம். பாரிஸ்டருக்கோ கட்சிக்காரருடன் நேரடி ஒப்பந்தத் தொடர்பு இருந்ததில்லை. சொலிசிட்டர் எழுதி அனுப்பும் பிரீஃப் எனப்படும் வழக்குக் குறிப்பின் வழியாகவே அவர் வழக்கை ஏற்றார். அவருக்குத் தரப்படும் பணம் ஊதியமன்று, காணிக்கை என்று கருதப்பட்டதால், அதைக் கேட்டு அவர் வழக்காட முடியாது என்று 1863இல் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு உறுதிசெய்தது. மறுபக்கத்தில், மன்றத்தில் வாதாடியதில் நேர்ந்த பிழைக்காகப் பாரிஸ்டர்மீது இழப்பீடு கோர முடியாது என்ற காப்பை 1967இல் பிரபுக்கள் சபை ஏற்று, 2000இல் தானே நீக்கியது. பாரிஸ்டர்கள் கூட்டு நிறுவனம் அமைக்காமல் ஒரே கூடத்தில் தனித்தனியே தொழில் நடத்தியதும், சொலிசிட்டர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து பெரிய நிறுவனங்களை அமைத்ததும் இந்த வேறுபாட்டோடு ஒத்துச் செல்பவை. பெண்களுக்குத் தடை விதித்ததில் மட்டும் இரு பிரிவுகளும் ஒன்றுபட்டிருந்தன; 1919ஆம் ஆண்டின் சட்டம் அத்தடையை அகற்றிய பின், 1922இல் ஐவி வில்லியம்ஸ் பாரிஸ்டராகவும் கேரி மாரிசன் சொலிசிட்டராகவும் முதன்முதலில் ஏற்கப்பட்டனர்.

ஆங்கிலேயர் ஆட்சி இந்தப் பிரிவினையைச் சென்னைக்கும் கொண்டுவந்தது. 1801இல் தொடங்கிய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் பாரிஸ்டர்களும் அட்டர்னிகளும் இங்கிலாந்து முறைப்படியே தொழில் செய்தனர்; நகருக்கு வெளியே கம்பெனியின் நீதிமன்றங்களில் வக்கீல்கள் இருந்தனர். பிரதிநிதி என்ற பொருளில் அரபு, பாரசீக வழியாக வந்த இப்பெயருக்கு உரியவர், கட்சிக்காரரின் பதிலாளாக மனுத்தாக்கலும் செய்தார், வாதாடவும் செய்தார். அதாவது இங்கிலாந்தில் இருவர் செய்ததை இங்கே ஒருவரே செய்தார். 1862இல் உயர் நீதிமன்றம் அமைந்தபோது மூன்று வகையினரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் உயர் நீதிமன்றத்தின் மூல அதிகாரப் பிரிவு, அதாவது நகரத்து வழக்குகளை முதல்நிலையிலேயே விசாரிக்கும் பிரிவு, நெடுங்காலம் அட்டர்னி, பாரிஸ்டர் இணைக்கே உரியதாக இருக்க, சென்னையில் அது தொடக்க ஆண்டுகளிலேயே வக்கீல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வக்கீலாகத் தொழில் நடத்திய வி. பாஷ்யம் ஐயங்கார், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அட்வகேட் ஜெனரல் பொறுப்பை வகித்த முதல் இந்தியராக உயர்ந்தது இத்தகைய சூழலில்தான். ஆயினும் 1861ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டம் தலைமை நீதிபதி பதவியைப் பாரிஸ்டர்களுக்கு ஒதுக்கியிருந்ததால், அப்பட்டத்தின் மதிப்பு ஆட்சியாளரின் சட்டத்தாலேயே காக்கப்பட்டது. பாரிஸ்டர் உயர்ந்தவர் என்ற தமிழரின் எண்ணத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இலங்கையில் இதே பிரிவினை அட்வகேட், ப்ராக்டர் என்ற பெயர்களில் நிலவியது. யாழ்ப்பாணத் தமிழ் இவர்களை முறையே அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் வழங்கி, தமிழகத் தமிழ் காணாத நுட்பமான வேறுபாட்டைத் தன் அன்றாட வழக்கிலேயே பேணியது. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரு பிரிவுகளையும் இணைத்த பின், சட்டத்தரணி என்ற ஒரே பெயர் நிலைபெற்றது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அட்வகேட் என்ற ஒரே வகுப்பை உருவாக்க, பம்பாயிலும் கல்கத்தாவிலும் எஞ்சியிருந்த அட்டர்னி முறை 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் முடிவுக்கு வந்தது.

இங்கிலாந்திலும் எல்லைகள் தளர்ந்துள்ளன. 1990ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் மற்றும் சட்டப் பணிகள் சட்டம், தகுதி பெற்ற சொலிசிட்டர்கள் உயர் மன்றங்களில் வாதாடவும் பாரிஸ்டர்கள் கட்டணத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளவும் வழிவகுத்தது. ஆயினும் பெயர்களை நீக்கிய நாடுகளிலும் அவை குறித்த பணிகள் ஒன்றாகிவிடவில்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தில் வக்காலத்து, அதாவது கட்சிக்காரர் தம் சார்பில் வழக்கை நடத்த அதிகாரம் அளிக்கும் பத்திரம், தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெகார்டு எனப்படும் பதிவுபெற்ற வழக்கறிஞருக்கே உரிமை உண்டு; மூத்த வழக்கறிஞர் அப்பத்திரத்தைத் தாக்கல் செய்யவோ கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கைப் பெறவோ இயலாது. பாரிஸ்டர், சொலிசிட்டர் என்ற பெயர்கள் மறைந்த மன்றத்தில் அவர்களுடைய பழைய பணிப்பிரிவினை வேறு பெயர்களில் தொடர்கிறது. ஆகவே இவ்விரு சொற்களின் வேறுபாட்டை உயர்வு தாழ்வால் விளக்குவது பிழை. கட்சிக்காரரின் இடத்தில் நிற்கும் பொறுப்பைச் சொலிசிட்டர் என்ற சொல்லும், அவருக்காகப் பேசும் பொறுப்பைப் பாரிஸ்டர் என்ற சொல்லும் குறிக்கின்றன என்பதே வரலாற்றுக்குப் பொருந்தும் விளக்கம்.