கழிவுக் குவியலிற் கிடந்த வரலாறு

மனிதன் பூமியிலே துளைத்த மிக ஆழமான துளை, சோவியத் ஒன்றியத்தின் கோலாக் குடாநாட்டில் 1989ஆம் ஆண்டு 12,262 மீற்றர் ஆழத்தை எட்டியது. அதுவும் புவியின் மேலோட்டைக் கடக்கவில்லை. மேலோட்டின் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை பரந்துள்ள கவசத்தின் பாறையை நாம் கையிலெடுத்து ஆராய்வது எங்ஙனம்? சில எரிமலைகள் அதன் துண்டுகளை மேலே சுமந்து வந்துள்ளன. இவ்வுண்மை துலங்கிய வரலாறு தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரோடு பிணைந்தது.

1871இல் அங்கு வைரம் அகப்பட்டதும் செல்வம் தேடுவோர் திரண்டனர். ஆயினும் மண்ணை வெட்டிச் சுமந்தோர் பெரும்பாலும் ஆபிரிக்கத் தொழிலாளரே. 1885 முதல் அவர்கள் மதில் சூழ்ந்த முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியேற இயலாது. வெளியேறும்போதும் ஆடை களைந்து சோதிக்கப்பட்டனர். 1888இல் செசில் றோட்ஸின் டி பியர்ஸ் கம்பனி சுரங்கங்களை ஒன்றிணைத்து ஏகபோகம் நிறுவியது. 1914இல் கிம்பர்லிச் சுரங்கம் மூடப்பட்டபோது, அகற்றப்பட்டிருந்த மண் ஏறத்தாழ 2.25 கோடி தொன். கிடைத்த வைரமோ ஏறத்தாழ 2,720 கிலோகிராம்.

அப்பகுதிச் சுரங்கங்களின் மண்ணில் வேறு கற்களும் இருந்தன. பச்சை ஒலிவீனும் சிவந்த கானெற்றும் செறிந்த உருண்டைகள் அவை. சந்தையில் விலைபோகாத அவை கழிவுக் குவியல்களிற் கொட்டப்பட்டன. பிற்காலத்து அறிஞர் பலர் தம் ஆய்வுக் கற்களைப் பொறுக்கியதும் அக்குவியல்களிலேதான்.

வைரத்தைச் சுமந்த பாறைக்குக் கிம்பலைற்று என 1887இல் பெயரிட்டவர் அமெரிக்கரான ஹென்றி கார்வில் லூயிஸ். எரிமலைக் குழம்பு கரிச்சத்துள்ள களிப்பாறையைத் தாக்கியமையால் வைரம் விளைந்தது என்பது அவர் கருத்து. 1899இல் ஆங்கிலேயரான பொனி, எக்குளோகைற்று உருண்டை ஒன்றினுள்ளேயே வைரம் பதிந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கிம்பலைற்று வைரத்தின் தாயன்று, அதனைச் சுமந்து வந்த வாகனமே என்பது அதனாற் பெறப்பட்டது. எனினும் அவ்வுருண்டைகள் எரிமலைக் குழம்பிலேயே உறைந்தவையா, வழியிற் பெயர்த்தெடுக்கப்பட்ட அந்நியக் கற்களா என்ற விவாதம் நீடித்தது.

விடை கற்களுக்குள்ளேயே இருந்தது. கனிமங்களின் சேர்க்கை அவை உருவான அழுத்தத்தையும் வெப்பத்தையும் பதிவுசெய்து வைத்திருக்கிறது. 1973இல் போய்ட் என்பார் அப்பதிவைக்கொண்டு, லெசோத்தோவிற் கிடைத்த துண்டுகள் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தன எனக் கணித்தார். வைரம் நிலைபெறுவதற்குப் பொதுவாக 150 கிலோமீற்றர் அளவிலான ஆழம் வேண்டும். 1984இல், வைரங்களுக்குள் அடைபட்ட கானெற்றுத் துணுக்குகளின் வயது 320 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதது என வெளியாயிற்று. கிம்பர்லியின் எரிமலைப் பாறையோ ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கே முந்தியது. மகவு தாயினும் முதியதாதல் எங்ஙனம்? வைரத்தைப் பொறுத்தமட்டில் ஐயம் தீர்ந்தது.

இலாபக் கணக்கு கழிவென்று தள்ளிய கல், புவியின் ஆழத்துக்குச் சாட்சியாயிற்று. பெயரிட்டோரையும் வயது கணித்தோரையும் நூல்கள் நினைவுகூர்கின்றன, அது தகும். ஆனால் அக்கல்லை வெளிச்சத்துக்குக் கொணர்ந்து, மதிலுக்குள் வாழ்ந்து மடிந்த தொழிலாளர் பல்லாயிரவரின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை. புவியியல் வகுப்பிலே இக்கல்லைப் பற்றிப் பேசும் ஆசிரியர் அக்கைகளையும் பற்றிப் பேசுவாராக. அப்போதுதான் இவ்வறிவின் வரலாறு முழுமையடையும்.