வலைக் கண்

1376-ம் வருஷம், இங்கிலாந்து தேசத்து மூன்றாம் எட்வர்டு அரசருக்குப் பார்லிமெண்ட் மூலமாக ஒரு மனு வந்தது. ஏழு வருஷ காலமாகச் சிலர் புதுமாதிரி வலை ஒன்றைக் கடலில் இழுக்கிறார்கள் என்பது முறையீடு. வலையின் நீளம் பதினெட்டு அடி, அகலம் பத்தடி. அதன் வாயை விரித்துப் பிடிக்க ஒரு மரக்கழி. அடியில் கனத்த இரும்பு. அந்த இரும்பு கடலடியில் பூத்திருக்கும் பூக்களையெல்லாம் நசுக்குகிறது, சிப்பிக் குஞ்சுகளை அழிக்கிறது என்று மனுதாரர்கள் சொல்கிறார்கள். வலையின் கண் இரண்டு கட்டைவிரல் அளவுதான். எத்தனை சிறு மீனானாலும் உள்ளே போனது வெளியே வர முடியாது. சிறு மீன் இத்தனை குவிந்தால் என்ன செய்வது? பன்றிக்குப் போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள் என்று மனு முடிகிறது.

அரசர் என்ன செய்தார்? விஷயம் தெரிந்தவர்களைக் கொண்டு விசாரிக்கும்படி உத்தரவிட்டார். அன்றைக்கும் கமிஷன்தான்!

இந்த மனுவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாகப்பட்டினத்திலோ ராமேசுவரத்திலோ விசைப்படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் போய் நின்றவர்களுக்கும் வராது. இறால் ஒரு கூடை, விலை போகிற மீன் சில கூடை. மற்றபடி விரல் நீளத்துக்கு என்ன மீன் என்றே சொல்ல முடியாத ஒரு குவியல். சங்காயம் என்பார்கள். காய வைத்து அரைத்தால் கோழித் தீவனம். பன்றிக்குப் பதில் கோழி. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இழுவை வலை என்பது அடிப்படையில் ஒரு பெரிய பைதான். அகன்ற வாய் வரவரக் குறுகி, கடைசியில் மீன் சேருகிற மடியாக முடியும். மடியின் அடி வாய் ஒரு சுருக்கு முடிச்சு. வலையை மேலே தூக்கியதும் முடிச்சை அவிழ்த்தால் மீன் முழுவதும் தளத்தில் கொட்டும். கடலடியில் தேய்ந்து கிழியாமல் இருக்க, வடகடல் மீனவர்கள் மடிக்கு அடியில் மாட்டுத் தோலைக் கட்டுவது முன்பு வழக்கமாக இருந்தது. சிறு மீன் தப்புவதா இல்லையா என்ற கேள்வி பெரும்பாலும் இந்த மடியில்தான் தீர்மானமாகிறது. ஆகவே சரித்திரமும் மடியைச் சுற்றியே நடக்கிறது.

ஐந்நூறு வருஷத்தை ஒரே தாவாகத் தாண்டிவிடலாம். 1863-ல் இங்கிலாந்தில் மறுபடியும் ஒரு கமிஷன். தூண்டில் போடுகிறவர்கள், இழுவை வலைக்காரர்கள் குஞ்சு மீனையெல்லாம் வாரிப் போகிறார்கள் என்று புகார் சொன்னார்கள். கமிஷனில் இருந்த மூவரில் ஒருவர் தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுக்காக வாதாடிய அதே விஞ்ஞானி. 1866-ல் அறிக்கை வந்தது. புகாருக்கு ஆதாரம் இல்லை, இருக்கிற கட்டுப்பாடுகளையும் எடுத்துவிடலாம் என்பது தீர்ப்பு. அப்படியே எடுத்தும்விட்டார்கள். 1883-ல் லண்டனில் நடந்த மீன்பிடிக் கண்காட்சியில் அதே ஹக்ஸ்லி பேசினார். காட், ஹெர்ரிங் போன்ற பெரிய கடல் மீன்வளங்கள் நாம் எவ்வளவு பிடித்தாலும் வற்றாதவை என்றார்.

ஹக்ஸ்லியை இதற்காக ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். அக்காலத்து மீன்பிடி முறைகளை வைத்துத்தான் சொல்கிறேன் என்று அவரே சொன்னார். கமிஷன் விசாரித்த காலத்தில் காற்றை நம்பிப் பாய்மரத்தில் போனார்கள். அவர் பேசுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1881-ல், கிரிம்ஸ்பி துறைமுகத்திலிருந்து நீராவியால் ஓடும் இழுவைப் படகு புறப்பட்டாகிவிட்டது. தொண்ணூறுகளில் கழிக்குப் பதில் இரண்டு பலகைகள் வந்தன. தண்ணீரின் விசையே பலகைகளை இரு பக்கமும் தள்ளி வலையின் வாயை விரித்தது. கழியின் நீளத்துக்கு இருந்த வரம்பு அதோடு தொலைந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள், எத்தனை படகு கூடினாலும் படகுக்கு இத்தனை என்று கிடைக்கும் மீன் குறைந்துகொண்டே வருவதை ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கணக்கு மெய்தானா என்று சோதித்துப் பார்க்கக் கடலை நாலு வருஷம் மூடி வைக்கவேண்டும். யார் மூடுவார்கள்? 1914-ல் யுத்தம் வந்து மூடியது. இழுவைப் படகுகளைக் கடற்படை எடுத்துக்கொண்டு கண்ணிவெடி வார அனுப்பியது. 1918-க்குப் பிறகு திரும்பப் போனவர்களின் வலையில் பெரிய பெரிய பிளேஸ் மீன்கள் விழுந்தன. பிளேஸ் என்பது நம் நாக்கு மீன் மாதிரி தட்டையாகத் தரையோடு கிடப்பது. வளர விட்டால் வளரும் என்று தெரிந்துவிட்டது. சில வருஷங்களில் பழைய கதையே திரும்பியது.

அப்படியானால் சிறு மீனை மட்டும் விட்டுவிடும் வலை வேண்டும். கண்ணைப் பெரிதாக்கினால் போதாதா? போதாது என்று மாலுமிகளில் பலர் சாதித்தார்கள். கரையில் அளந்தால் கண் பெரிதாக இருக்கும். கடலில் இழுக்கும்போது மூடிக்கொண்டுவிடும், ஒரு குஞ்சும் தப்பாது என்றார்கள். இதைச் சோதிக்க டேவிஸ் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் 1928 முதல் 1933 வரை சோதனைகள் நடத்தினார். யுக்தி எளிமையானது. மடியின் மேல், மிக நெருக்கமான கண்ணுள்ள இன்னொரு பையை உறை போலப் போட்டார். மடியிலிருந்து தப்பியது உறையில் அகப்படும். இரண்டையும் தனித்தனியே எண்ணி, நீளம் அளந்தார். தப்பத்தான் செய்கிறது! கண் பெரிதாகப் பெரிதாக, தப்பும் மீனின் நீளமும் கூடியது. ஒவ்வொரு கண்ணுக்கும், பாதி தப்பிப் பாதி சிக்குகிற ஒரு நீளம் உண்டு. வலையின் குணத்தை இன்றுவரை அந்த நீளத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

இனிச் சட்டம்தானே பாக்கி? 1937-ல் லண்டனில் பல தேசங்கள் கூடி உடன்படிக்கை எழுதின. அது முழுமையாக அமலுக்கு வருவதற்குள் மறு யுத்தம். 1946-ல் இன்னொன்று எழுதினார்கள். வடகடலில் கண் 80 மில்லிமீட்டர். அளக்கும் முறையையும் அதிலேயே விவரித்திருந்தார்கள்: வலை நனைந்திருக்கும்போது, கண்ணை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை நுழைத்தால் அது எளிதாகப் போகவேண்டும். எவ்வளவு நேர்த்தி பாருங்கள்! இது அமலுக்கு வந்தது 1953-ல்.

தகட்டை நுழைத்துப் பார்ப்பது தளத்தில். மீன் வலையைச் சந்திப்பதோ கடலுக்கு அடியில். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ செய்யலாம். மடிக்குள்ளே நெருக்கமான இன்னொரு வலையைச் செருகலாம். மடியைச் சுற்றிக் கயிறு கட்டலாம். தடித்த நூலால் பின்னி, கண் வளைந்து கொடுக்காதபடி செய்யலாம். எல்லாம் செய்தார்கள். நம் கரையிலும் கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு சட்டத்தில் உண்டு. விசைப்படகில் இருபது வருஷம் போய்வந்த ஒருவரிடம் ஒரு முறை கேட்டேன்.

"ஏன் அண்ணே, கண்ணைக் கொஞ்சம் பெரிசாகப் போட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கே நல்ல மீன் கிடைக்காதா?"

"கிடைக்கும் சார். எனக்குக் கிடைக்கும் என்று யார் சொன்னது? நான் இன்றைக்கு விட்டதைப் பக்கத்துப் படகுக்காரன் நாளைக்கு அள்ளிக்கொண்டு போவான். டீசலுக்குக் கடன் வாங்கினது நான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. லோஸ்டாப்ட் ஆராய்ச்சிச் சாலையில் தலைவராக இருந்த மைக்கேல் கிரகாம், வரம்பில்லாத மீன்பிடி கடைசியில் லாபமில்லாததாகிவிடும் என்று 1943-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஒரு விதியாகவே எழுதினார். படகுக்காரர் சொன்னதும் அதேதான். அவர் கடனோடு சேர்த்துச் சொன்னார்.

கண் மூடிக்கொள்கிறது என்று பழைய மாலுமிகள் சொன்னார்கள் அல்லவா? அதிலும் பாதி உண்மை இருந்தது. நூல் பையில் நாலு தேங்காயைப் போட்டுத் தூக்கிப் பாருங்கள். தேங்காய் உள்ள இடத்தில் கண் விரிந்திருக்கும். அதற்கு மேலே, கைப்பிடி வரையில், கண்கள் நீண்டு ஒடுங்கிக் கோடாகிவிடும். மடியும் இப்படித்தான். விரிந்த கண்களை உள்ளே கிடக்கும் மீனே அடைத்துக்கொள்கிறது. குவியலுக்குச் சற்று முன்னால் உள்ள சில வரிசைகளில்தான் வழி திறந்திருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற குஞ்சுக்கு அதிர்ஷ்டம்.

இதைக் கண்ணால் பார்க்க ஆள் தண்ணீருக்குள் போகவேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தில் அபர்தீன் கடல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்தவர்கள், 1970-களிலும் எண்பதுகளிலும், ஓடுகிற வலையோடு கூடவே முக்குளித்துப் போய்ப் படம் பிடித்தார்கள். வலைவாயில் அகப்பட்ட மீன் உடனே உள்ளே விழுந்துவிடுவதில்லை. வலை போகும் திசையிலேயே, அதன் வேகத்திலேயே, வாய்க்கு முன்னால் நீந்திக்கொண்டு போகிறது. களைத்த பிறகுதான் பின்தங்கி உள்ளே போகிறது. பின்தங்கும்போது ஹாடக் மேலே எழும்புகிறது; காட் கீழேயே இருக்கிறது. எனக்கு இந்த இடம் மனசை என்னவோ செய்தது. தப்பிப்பதில் கூட ஒவ்வொரு ஜாதி மீனுக்கும் ஒரு சுபாவம்.

சுபாவம் தெரிந்தால் வழி வைக்கலாம். அபர்தீன்காரர்கள் வலைத் துண்டை நாற்பத்தைந்து டிகிரி திருப்பித் தைத்தார்கள். அவ்வளவுதான். கண் சாய்சதுரமாக இல்லாமல் நேர்சதுரமாகிவிட்டது. நூலில் பாதி இழுக்கும் திசையிலும் பாதி குறுக்காகவும் இருப்பதால், எவ்வளவு இழுத்தாலும் அது மூடுவதில்லை. இந்தச் சதுரக்கண் ஜன்னலை வலையின் மேல்புறத்தில் வைத்தால், எழும்புகிற ஹாடக் குஞ்சு வெளியேறுகிறது. தொண்ணூறுகளில் இது பிரிட்டிஷ் சட்டத்திலும் ஏறியது. தட்டை மீன்களுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. ஒடுங்கிய பழைய கண்தான் அவற்றின் உடம்புக்குப் பொருத்தம். தப்பிய மீனெல்லாம் பிழைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. காட், ஹாடக் பெரும்பாலும் பிழைக்கின்றன. ஹெர்ரிங் செதிலை இழந்து, வெளியே போயும் ஏராளமாகச் செத்துப்போவதைப் பால்டிக் கடல் சோதனைகள் காட்டின.

இறால் வலைக்குக் கதை வேறு. இறாலே சிறியது, கண்ணைப் பெரிதாக்கினால் இறாலும் போய்விடும். இதற்கு வழி கண்டவர் விஞ்ஞானி அல்ல. பவுல் பிராட்டோய் என்ற நார்வே இறால் மீனவர். அவருக்குக் குஞ்சு மீனைப் பற்றிய கவலையும் இல்லை. வலையில் சொறி என்று நாம் சொல்லும் ஜெல்லி மீன் வந்து அடைத்துக்கொண்டது. அது தொலையவேண்டும் என்று மடிக்கு முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினார். இறால் கம்பி இடுக்கில் புகுந்து மடிக்குப் போனது. சொறி சாய்வில் ஏறி மேல் ஓட்டை வழியாக வெளியே போனது. கூடவே மீனும் போனது! ஆராய்ச்சியாளர்கள் ஓடிவந்து அளந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நார்வே அதைக் கட்டாயமாக்கியது. கம்பிக்குக் கம்பி இடைவெளி 19 மில்லிமீட்டர். அந்த இடுக்கிலும் நுழைந்துவிடுகிற மிகச் சிறு குஞ்சுகள் இறாலோடு மடிக்குத்தான் போகின்றன.

இதே நார்வேதான் 1952-ல் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்து, கேரளத்தில் நீண்டகரைப் பக்கத்து மீனவர்களுக்கு விசைப்படகு கொண்டுவந்தது. இழுவை வலையும் இறால் ஏற்றுமதியும் அங்கே வேரூன்றி நம் கரைகளுக்கும் பரவின. நம் கடலில் ஒரே இழுப்பில் பல பத்து ஜாதி மீன் வரும். ஒன்றுக்குப் பெரிய கண் இன்னொன்றுக்குச் சிறியது. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையத்தார் இதற்கென்றே குஞ்சு மீனை வெளியே விட்டு இறாலைப் பிரிக்கும் சட்டங்களைச் செய்து காட்டியிருக்கிறார்கள். படகுக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்கும் கேள்வி, இறால் எத்தனை கிலோ குறையும் என்பது. பிராட்டோய்க்கு அந்தக் கேள்வி எழவில்லை. சொறியைப் பொறுக்கி எறிகிற வேலை அவருக்கு மிச்சமாகிவிட்டது.