மாட்டாஸ்பத்திரியில் ஒரு நாய்

குருவிகுளம் பக்கத்தில் வந்து கால்நடை மருந்தகம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். கேட்டவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு, "மாட்டாஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்டு வழி காட்டுவார்கள். சர்க்கார் வைத்த பெயர் பலகையில் இருக்கிறது; ஜனங்கள் வைத்த பெயர்தான் வாயில் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் ஒரு சரித்திரமும் இருக்கிறது.

கால்நடை வைத்தியம் என்கிற படிப்பு கருணையால் மட்டும் பிறந்ததல்ல. 1761-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் கிளாட் பூர்ஷலா முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை ஏற்படுத்தினார். மாடுகளைக் கொள்ளை நோய் வாரிக்கொண்டு போன காலம் அது. படைக்குக் குதிரையும் தேவைப்பட்டது. நம் நாட்டிலும் கதை அதுவேதான். வெக்கை நோயில் மாடுகள் மந்தை மந்தையாகச் செத்ததைக் கண்டு வெள்ளைக்கார சர்க்கார் விசாரணைக் குழு போட்டது. அதன் அறிக்கை 1871-இல் வந்தது. 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அந்த வெக்கை நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவித்தார்கள். சாமானிய சாதனையல்ல, குடியானவன் கைகூப்பி வணங்க வேண்டிய சாதனை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்தப் பிராணிக்கு விலை உண்டோ அதற்கு வைத்தியம் உண்டு. உழவு மாட்டுக்கு விலை உண்டு, பட்டாளத்துக் குதிரைக்கு விலை உண்டு. தெரு நாய்க்கு என்ன விலை?

இந்தக் கேள்விக்கு எங்கள் கரிசல் காட்டு ஆட்டுக்காரர் ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒடிந்த நாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தார். "என்ன சின்னையா, ஆட்டை விட்டுட்டு நாயைத் தூக்கிட்டுப் போறீரு?" என்றேன். "ஆடு சந்தைக்குப் போயிரும்யா. இதுதான எங்கூட இருக்கும்" என்றார். விலை இல்லாததுதான் கூடவே இருக்கும் என்பது அவருடைய பொருளாதாரம்.

இது புதிய பொருளாதாரமும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வீரன் மடிந்தபின் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயும் அந்தக் கல்லில் இடம்பெற்றிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். செத்த நாய்க்குக் கல் நட்ட சமூகம் நம்முடையது. அடிபட்ட நாய்க்குக் கட்டுப் போடும் செலவை யார் ஏற்பது என்பதுதான் நெடுங்காலம் நிற்கும் கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் லண்டனில் ஒரு பெண்மணி. மரியா டிக்கின் என்று பெயர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்கு லண்டன் தெருக்களில் நோயோடும் புண்ணோடும் திரிந்த பிராணிகளைக் கண்டார். அவற்றை வளர்த்தவர்களுக்கு அன்புக்குக் குறைவில்லை, காசுக்குத்தான் குறை என்பது அவருக்கு விளங்கியது. 1917-இல், உலக யுத்தத்தின் நடுவே, ஒரு கட்டிடத்தின் நிலவறையில் இலவச மருந்தகம் திறந்தார். அந்த ஸ்தாபனம் இன்றும் நடக்கிறது.

சென்னையில் அந்த வேலை 1959-இல் தொடங்கியது. விமானி காப்டன் வி. சுந்தரம், மழைவெள்ளம் சூழ்ந்த தெருவில் தத்தளித்த நாய்க்குட்டிகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவரும், அவர் மனைவி உஷாவும், பிள்ளைகளும் சேர்ந்து வளர்த்ததுதான் புளூ கிராஸ். 1964-இல் அவர்கள் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் திட்டத்தையும் ஆரம்பித்தார்கள். மாநகராட்சியோ நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. 1996-இல்தான் அதுவும் கருத்தடை வழிக்கு வந்தது. நடுவில் முப்பத்திரண்டு வருஷம்!

சட்டத்தின் கதையும் சுவாரஸ்யமானது. நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்தபோது, பிராணிவதைத் தடுப்புக்காக 1953-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி கூறவே அதை வாபஸ் வாங்கினார். 1960-இல் சட்டம் வந்தது. வதைபட்ட பிராணியை மாஜிஸ்டிரேட் சிகிச்சை இல்லத்துக்கு அனுப்பலாம், செலவை உடையவன் தரவேண்டும், அவன் ஏழையானால் சிகிச்சைக் கட்டணம் வேண்டாம் என்று உத்தரவிடலாம் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. ஏழையின் நிலைமையைச் சட்டம் யோசித்திருக்கிறது. ஆனால் உடையவனே இல்லாத நாயை என்ன செய்வது? தெரு நாய்களைக் கொல்வதற்கு அதே சட்டம் விலக்கும் கொடுத்திருந்தது. 2001-இல் வந்த விதிகள்தான், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடச் சொல்லின.

ஆக, நாயைக் கொல்லக்கூடாது என்பது வரை வந்துவிட்டோம். பிழைக்க வைப்பது அடுத்த படி. அங்கேதான் ஆட்டுக்காரர் மாட்டிக்கொள்கிறார். ஊர் ஆஸ்பத்திரியில் ஊசியும் கட்டும் கிடைக்கும். எக்ஸ்ரே எடுத்து எலும்புக்குத் தகடு வைக்க வேண்டுமானால் வெளியூர் போக வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கிருந்து நாயோடு பஸ் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். வாடகை வண்டிதான் கதி. பிறகு வாரக்கணக்கில் கட்டு மாற்றவேண்டும், பால் ஊற்றவேண்டும், பக்கத்தில் இருக்கவேண்டும். வைத்தியம் இலவசமாகவே கிடைத்தாலும், வளர்ப்பு இலவசமல்ல.

பைரவர் வாகனம் என்று வடைமாலை சாத்துகிறோம். வாகனத்துக்குக் கால் ஒடிந்தால் மட்டும், எடுத்தவன் பாடு என்று விட்டுவிடுகிறோம். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போட்டு வசூலிக்கத் தெரிந்த ஊர்களுக்கு, அதில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைப்பது பெரிய காரியமா? மரியா டிக்கின் தனியாகத் தொடங்கினார். சுந்தரம் குடும்பத்தோடு தொடங்கினார். ஓர் ஊரே சேர்ந்து தொடங்கினால், நொண்டி நாயை வீட்டுக்கு எடுத்துப்போகத் துணிகிறவன் வண்டி வாடகையை எண்ணித் தயங்க வேண்டியிருக்காது. மாட்டாஸ்பத்திரி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். வாசலில் நாயோடு நிற்பவனைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும்.