மத்தாப்பும் மத்தாப்பூவும்

இந்தச் சொல்லைச் சிலர் ‘மத்தாப்பு’ என்று எழுதுகிறார்கள், சிலர் ‘மத்தாப்பூ’ என்று. அகராதிகள் குறில் கட்சி. நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டால் நெடில்தான் ஜெயிக்கும். எரியும்போது பூப்பூவாகத்தானே கொட்டுகிறது, வேறென்ன பெயர் இருக்க முடியும்?

சொல்லின் பிறப்பில் பூ கிடையாது. அங்கே இருப்பது நிலா. பாரசீகத்தில் ‘மாஹ்’ என்றால் நிலவு, ‘தாப்’ என்றால் ஒளிர்தல். இரண்டும் சேர்ந்த ‘மஹ்தாப்’ நிலவொளி. ‘மஹ்தாபி’ என்பது வெடிக்காமல், நின்று வெளிச்சம் தருகிற ஒருவகை வாணவேடிக்கைச் சரக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் இதை உருது வழி வந்த சொல்லாகவே காட்டுகிறது.

வந்த சொல்லைத் தமிழ் நாக்கு தன் வழக்கப்படி திருத்திக்கொண்டது. நடுவில் இருந்த ‘ஹ்’ஐ விழுங்கிவிட்டு, அந்த இடத்தை நிரப்பத் தகரத்தை இரட்டித்தது. கடைசியில் தனியாக நின்ற மெய்யை இரட்டித்து ஓர் உகரமும் சேர்த்தது. பட்டப்பெயரைக் குறித்த ‘கிதாப்’ இங்கே ‘கித்தாப்பு’ ஆனதும் இதே அச்சில்தான். (பட்டம் மறைந்து, பட்டம் வாங்கியவனின் மிடுக்கு மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது வேறு கதை.) காசு மாற்றித் தந்தவரான ‘சர்ராஃப்’ நமக்குச் ‘சராப்பு’. தெலுங்கர்கள் ‘மதாபு’ என்று மென்மையாக நிறுத்திக்கொண்டார்கள். நாமும் மலையாளிகளும்தான் அழுத்தி இரட்டித்தோம். அழுத்தியதன் பலன், சொல்லின் வாலில் ‘ப்பு’ என்று ஓர் ஓசை வந்து உட்கார்ந்தது. மல்லிகைப்பூ, தாழம்பூ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வாலைக் கொஞ்சம் நீட்டிப் பூவாக்குவது பெரிய காரியமா?

‘மத்தாப்பூ’ என்று எழுதுவதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொருள் தெரியாமல் வந்து சேர்ந்த சொல்லுக்கு, பேசுகிறவர்கள் கண்ணால் பார்த்து ஒரு பொருளை வைத்துவிட்டார்கள். அதுவும் இந்த இடத்தில் தப்பாகப் பார்க்கவில்லை. அக்கம்பக்கத்து மொழிகளைப் பாருங்கள். இந்தியில் ‘ஃபுல்ஜடி’, பூச்சொரிதல். மராத்தியில் ‘ஃபுல்பாஜி’, அதிலும் பூ. மலையாளத்தில் ‘பூத்திரி’. தெலுங்கில் எல்லாவற்றையும்விட அழகாக ‘காகரபுவ்வொத்தி’, பாகற்பூத் திரி. பாகற்காயின் மஞ்சள் பூவைத் தீப்பொறியில் கண்டவர் யாரோ, நல்ல கண் அவருக்கு. இவர்கள் எல்லோரும் பூவைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். தமிழர்கள் நிலவைக் கடன் வாங்கி, காதுவழியே பூவாக்கிக்கொண்டார்கள்.

நிலவு என்ற பெயர் பொருந்தியிருந்த இடமும் உண்டு. முகலாயர் காலத்தில் வாணவேடிக்கை களைகட்டிய திருநாள்களில் ஒன்று ஷபே பராஅத். அது ஷஅபான் மாதத்தின் நடுவில், பௌர்ணமியை ஒட்டி வருகிற இரவு. 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் மாடத்தில் நிற்கும் பெண்கள் கையில் பொறி சிந்தும் குச்சிகளைப் பிடித்திருப்பதைக் காணலாம். மேலே ஒரு நிலா, கையில் ஒரு நிலா. நம் தீபாவளியோ தேய்பிறைச் சதுர்த்தசியில், விடிவதற்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற பண்டிகை. அன்றைக்கு வானத்தில் நிலவென்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. நிலவொளி என்று பெயர் கொண்ட சரக்கு நிலவே இல்லாத நாளுக்குக் குடிபெயர்ந்ததில் பாரசீகக் கவிஞன் எவனாவது மகிழ்ந்திருப்பான்.

சொல் கடன் என்பதால் பொருளும் கடன் என்று முடிவுகட்டிவிட முடியாது. பனை மண்டிய ஊர்களில் திருக்கார்த்திகைக்குப் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். ஆண்பனையின் பூக்கதிரை மூட்டம் போட்டு எரித்து, கரியை இடித்துப் பொடியாக்கி, துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைப் பிளவுகளுக்கு நடுவே கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு நெருப்பு வைப்பார்கள். தலைக்கு மேல் சுழற்றினால் பொன்னிறப் பொறி வட்டமாகக் கொட்டும். வெடியுப்பு இல்லை, கந்தகம் இல்லை. சுழலும்போது கிடைக்கிற காற்றும் கரித்தூளும் போதும். பூவிலிருந்து பொறி என்பது இங்கே உவமையே அல்ல, செய்முறை. மத்தாப்பூவில் பூவைக் கேட்ட காதுக்கு இந்தப் பனம்பூ முன்பே பழக்கப்பட்டிருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் சான்று கிடையாது.

சிவகாசிக்கு மத்தாப்பு வந்த வழி தீப்பெட்டி வழி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பியது அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரிந்த கதை. மழை குறைந்த, வெயில் காய்கிற, விவசாயம் கைகொடுக்காத கரிசல் பூமி. தீக்குச்சி காய அதைவிடத் தோதான இடம் கிடையாது. 1934இல் தீப்பெட்டிமேல் உற்பத்தி வரி விழுந்தது. அந்தப் பத்தாண்டில்தான் சாதாரணத் தீக்குச்சிக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக எரிகிற வண்ணத் தீக்குச்சியும் செய்யத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பெங்கால் லைட்’ என்று பெயர். நம் ஊரில் மத்தாப்பு, மத்தாப்புத் தீப்பெட்டி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றது, 1940இன் வெடிபொருள் விதிகள் உரிமத்துக்கு வழி வகுத்தன. அதன்பிறகு பட்டாசு ஆலைகள் பெருகின. சிவகாசிக்காரர்கள் அவற்றை ஆலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி செய்கிற இடம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’, பட்டாசு செய்கிற இடம் ‘பயராபீஸ்’. நாற்காலி மேசை இல்லாத ஆபீஸ்.

‘கம்பி மத்தாப்பு’ என்ற பெயரில் கம்பி அடைமொழியாக வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மத்தாப்பு என்றாலே கம்பி என்றிருந்தால் அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லையே. காகிதக் குழாய்க்குள் இருந்த நீல வெளிச்சம், தலையில் வண்ண மருந்து பூசிய குச்சி, பிறகு கம்பி. பொருள் இத்தனை முறை சட்டை மாற்றியும் சொல் அசையவில்லை. வெடிக்காது, கையில் பிடிக்கலாம் என்ற இரண்டு குணங்கள் மாறாமல் இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். சரவெடி, ஓலைவெடி, குருவிவெடி எல்லாம் வெடி இனம். அவை தெருவுக்கும் அண்ணன்மாருக்கும் உரியவை. மத்தாப்பு அந்த இனத்தில் சேராது. அது வாசல்படிக்கும் கைப்பிள்ளைக்கும் உரியது. பண்டிகைச் சாமானைப் பங்கு வைக்கும்போது அம்மாக்கள் யோசிக்காமலே இப்படிப் பிரித்துவிடுவார்கள்.

பூசப்படுகிற கலவைக்குத் தொழிலில் பெயர் ‘மருந்து’. காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே மருந்து. தெலுங்கிலும் ‘மந்து’ இரண்டுக்கும் பொது. சீனர்கள் வெடிமருந்தைத் ‘தீ மருந்து’ என்றே சொல்கிறார்கள். வெடியுப்பும் கந்தகமும் வைத்தியனின் பெட்டியிலும் வாணக்காரனின் பெட்டியிலும் ஒன்றாக இருந்த காலத்தின் மிச்சம் இது.

கம்பி மத்தாப்பின் மருந்தில் ஆக்சிஜன் தருவதற்கு ஒரு நைட்ரேட்டு, வெள்ளை ஒளிக்கு அலுமினியத் தூள், பொறிக்கு இரும்புத் தூள், ஒட்டுவதற்கு மாவுப்பசை. வெட்டிய கம்பிகளை மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகி, குழம்பான மருந்தில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்குவார்கள். பொறி நட்சத்திரம்போலக் கிளை விடுவது இரும்பில் கலந்திருக்கும் கரியால். சுத்த இரும்பாக இருந்தால் வெறும் கோடாகப் பறந்து அணைந்துவிடும்.

இந்த மரச்சட்டங்களுக்கு முன்னால் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்ததும் குழந்தைகள்தான். விடியாத நேரத்தில் கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். மெல்லிய விரல் என்பது தீப்பெட்டிக் குச்சி அடுக்குவதற்கு ஒரு தகுதியாகப் பேசப்பட்ட ஊர் இது. சிவகாசியை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தப் பிள்ளையின் நலனுக்கான நிதியில் சேர வேண்டும். சட்டமும் பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர்ந்து நிலைமையை வெகுவாக மாற்றிவிட்டன. ஆனால் வெம்பக்கோட்டைப் பக்கமோ சாத்தூர்ப் பக்கமோ வயதான ஒருத்தி தன் பேத்தி கையில் கம்பி மத்தாப்பைக் கொடுக்கும்போது, அந்தப் பொருளை அவள் முதலில் தொட்டது விளையாட்டாக இல்லாமல் இருந்திருக்கலாம். சென்னையில் இந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான். அங்கே இரண்டு.

அந்த வீடுகளில் மத்தாப்பை நெருப்பாகவே மதிப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘பூ’ என்ற வால் ஏமாற்றுவது வெளியூர்க்காரர்களைத்தான். “சின்னப் பிள்ளைதானே, மத்தாப்பு மட்டும் கொடுங்க” என்று கையில் திணித்துவிட்டு அப்பால் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரியும் மத்தாப்பின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். பொறி கையில் பட்டால் சுருக்கென்று தைப்பதோடு போய்விடுகிறது. வெப்பம் அதிகம்தான், ஆனால் பொறியின் எடை ஒன்றுமில்லை. கம்பி அப்படியல்ல. அணைந்து கறுத்த பிறகும் அதில் சூடு தங்கியிருக்கும். பல காயங்கள் எரியும் மத்தாப்பால் வருவதில்லை, எரிந்து முடிந்து கீழே போட்ட கம்பியை வெறுங்காலால் மிதிப்பதால் வருகின்றன. அதனால் முதலில் முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர், அப்புறம்தான் பெட்டி பிரிப்பது. நைலான் பாவாடை, தொங்கும் தாவணி கூடாது. ஒரே நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கம்பி.

“சாமி, கையை நல்லா நீட்டிப் பிடி. மூஞ்சிக்கிட்டக் கொண்டாராத. முடிஞ்சதும் வாளில போட்ரணும், என்ன?”

ஆச்சி இதைச் சொல்வது பின்னால் குத்தவைத்து, பிள்ளையின் மணிக்கட்டைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு. அகல்விளக்கில் நுனியைக் காட்டினால் உடனே பற்றாது. பற்றுகிறவரை சில விநாடிகள் எல்லோருக்கும் மூச்சு நிற்கும். பிறகு ‘சுர்ர்’. அந்த நொடியில் பிள்ளை கம்பியைப் பார்ப்பதில்லை, திரும்பிப் பெரியவர் முகத்தைப் பார்க்கிறது. முகம் சிரித்தால் தானும் சிரிக்கும். “அய்யோ பாத்து, பாத்து” என்று பக்கத்தில் ஒருவர் கத்தினால் கம்பியை உதறிவிடும். உதறுவதுதான் ஆபத்து. ‘பயப்படாதே’ என்று உரத்த குரலில் சொல்வதைப்போல் பயமுறுத்துகிற காரியம் வேறில்லை.

சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிற பிள்ளையை இழுத்துவந்து தைரியம் கற்பிக்கிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தைரியத்தைக் கற்பிப்பதில்லை. அடுத்த வருடம் கட்டிலுக்கடியில் இன்னும் உள்ளே தள்ளிப் போய் உட்காரத்தான் கற்பிக்கிறது. தெரு அடங்குகிற நேரமாகப் பார்த்து வாசலுக்குக் கூட்டிவந்து, பெரியவர் தான் ஒரு கம்பியைக் கொளுத்திக் காட்டலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். காற்றில் வட்டம் போட்டுக் காட்டினால், அந்த வட்டம் அறுபடாமல் தெரிகிற வித்தைக்கு மயங்காத பிள்ளையை நான் கண்டதில்லை. கண்ணில் பட்ட ஒளி சற்று நேரம் தங்குவதால் நடக்கிற வித்தை அது. எழுதத் தெரிந்த பிள்ளை தன் பெயரின் முதலெழுத்தை எழுதிப் பார்க்கும். ‘இ’யில் தொடங்குகிற பெயர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. தீர்ப்பைப் பற்றிய பேச்செல்லாம் வெடிச் சத்தத்தையும் நேரக் கட்டுப்பாட்டையும் சுற்றியே இருந்தது. உள்ளே அடிவாங்கியது சத்தமே போடாத மத்தாப்பு. பச்சைச் சுடருக்குப் பேரியம்தான் நிறம் கொடுத்தது. சாதாரண வெள்ளைக் கம்பியிலும் பேரியம் நைட்ரேட்டுதான் எரிய வைத்தது. நாக்பூரிலிருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வகத்தின் வழிகாட்டலில் மருந்தின் கூட்டை மாற்ற வேண்டியதாயிற்று. புதிய சரக்குக்கு வைத்த பெயர் ‘பசுமைப் பட்டாசு’. பச்சையாக எரிந்ததை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக வந்ததைப் பசுமை என்று அழைக்கிறோம். தடை சரியானதே, பேரியம் மூச்சுக்குள் போகக்கூடிய பொருளல்ல. பெயர் வைத்தவர்தான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

கடையில் இப்போது நீளத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். “பதினஞ்சு சென்டி கம்பி ரெண்டு பெட்டி.” விலைப்பட்டியலில் ‘ஸ்பார்க்ளர்’ என்று அச்சாகிறது. மத்தாப்பு என்ற பாதி உதிர்ந்து, அடைமொழியாக வந்த கம்பி தனியாக நிற்கத் தொடங்கியிருக்கிறது. வெறும் மத்தாப்பு என்று கேட்டால், “கலரா, கம்பியா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கலர் என்றால் வண்ணத் தீக்குச்சிப் பெட்டி.