செல்லும், செல்லாது

1990களின் கடைசியில் ஜப்பானில் தானியங்கி விற்பனை இயந்திரங்களின் காசுப் பெட்டிகளைத் திறந்தால் ஒரு விசித்திரமான நாணயம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்தில் டிரில்லால் லேசாகக் குழி போடப்பட்ட கொரிய 500 வோன் நாணயம் அது. ஊடுருவிப் போகும் ஓட்டை இல்லை, கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டி எடுத்த பள்ளம், அவ்வளவுதான்.

எதற்கு அந்தப் பள்ளம்? ஜப்பானின் 500 யென் நாணயமும் கொரியாவின் 500 வோன் நாணயமும் 1982-ல் சில மாத இடைவெளியில் வெளிவந்தவை. இரண்டுக்கும் விட்டம் 26.5 மி.மீ. இரண்டும் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். யென் 7.2 கிராம், வோன் 7.7 கிராம். மதிப்பில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வோன் நாணயம் யென்னில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பெறும். அந்த அரை கிராமைச் சுரண்டிவிட்டால் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று. உள்ளே போட்டுவிட்டு, எதுவும் வாங்காமல் திருப்பித்தரும் நெம்புகோலை அழுத்தினால், சில இயந்திரங்கள் போட்ட காசைத் தராமல் தன் கையிருப்பில் இருந்த நல்ல 500 யென்னை எடுத்து நீட்டின.

நாணயத்தில் ஒரு பக்கம் கொக்குப் பறக்கிறது, இன்னொன்றில் பவுலோனியாப் பூ இருக்கிறது. குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். இயந்திரத்தால் ஏன் முடியவில்லை? ஏனென்றால் அது படத்தைப் பார்ப்பதே இல்லை. காயின் வேலிடேட்டரின் வரலாறு என்று எதைச் சொன்னாலும் கடைசியில் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கிறது. நாம் படிக்கும் நாணயம் வேறு, அது படிக்கும் நாணயம் வேறு.

நம்மிடம் இந்த வேலைக்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: வண்ணக்கன். நாணயத்தின் தரம் பார்த்துச் சொல்பவர். சங்கப் புலவர்களிலேயே வடமவண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என்று பெயர்கள் உண்டு. அந்த மனிதர்கள் கண்ணையும் கையையும் அனுபவத்தையும் சேர்த்துப் பயன்படுத்தியிருப்பார்கள். அந்த வேலையை ஓர் இரும்புப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் நம் கதை.

முதல் முயற்சி ரொம்பப் பழசு. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ என்ற பொறியாளர் கோயிலில் புனித நீர் தரும் ஒரு பாத்திரத்தை விவரித்திருக்கிறார். ஐந்து திராக்மா காசைப் போட்டால் அது ஒரு நெம்புகோலின் முனையில் விழும், முனை சாயும், அடைப்பு திறந்து தண்ணீர் வரும். காசு வழுக்கி விழுந்ததும் தண்ணீர் நின்றுவிடும். அழகான யோசனைதான். ஆனா அது கேட்டது எடையை மட்டும். அதே எடையில் ஒரு கூழாங்கல் போட்டாலும் புண்ணியம் கிடைத்திருக்கும்.

1890களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே சூதாட்ட இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தபோது இந்தக் கேள்வி காசுக் கேள்வியாக மாறியது. கடைகளில் பொருளுக்குப் பதிலாகத் தரப்படும் உலோக வில்லைகள் அங்கே புழக்கத்தில் இருந்தன. ஐந்து சென்ட் நாணயத்துக்குப் பதில் அதைப் போட்டால்? வில்லையின் நடுவில் துளை இருக்கும். இயந்திரத்துக்குள் ஓர் ஊசி வைத்து, துளை தட்டுப்பட்டால் இது காசு இல்லை என்று பிரித்துவிட்டார் ஃபே. கேளிக்கை இயந்திரத்தின் வாசலில் நிற்கும் காவலாளிக்கு இது நல்ல ஆரம்பம்.

அடுத்த சில பத்தாண்டுகளில் அமெரிக்காவில் உருவான இயந்திர வண்ணக்கனைப் பார்த்தால் பொறியியல் படித்த எவனுக்கும் கை துறுதுறுக்கும். மின்சாரமே கிடையாது. காசு முதலில் ஒரு சிறு தொட்டிலில் விழும். அளவு குறைவென்றால் தொட்டிலின் இடைவெளி வழியாக நழுவி வெளியே போய்விடும். எடை குறைவென்றால் தொட்டில் சாயாது. சாய்ந்தால் காசு ஒரு சரிவில் உருண்டு காந்தத்தைக் கடக்கும். இரும்பு வில்லை காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். திருப்பித்தரும் பொத்தானை நாம் கோபத்தோடு குத்துகிறோமே, அப்போதுதான் உள்ளே தகடு விலகி, ஒட்டியதையும் சிக்கியதையும் தட்டிவிடும்.

சுவாரசியம் இதற்கு அடுத்து. செம்பு, வெள்ளி போன்றவை காந்தத்தில் ஒட்டாது. ஆனால் நகரும்போது அவற்றுக்குள் சுழல் மின்னோட்டம் உருவாகும், அது அவற்றின் வேகத்தைக் குறைக்கும். நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் அதிகம் தடைபடும். ஈயம், பித்தளை வில்லைகள் அவ்வளவாகத் தடைபடாமல் வேகமாகப் போய்விடும். சரிவின் முனையில் காசு ஒரு கட்டையில் மோதித் துள்ளும். சரியான வேகத்தில் வந்தது மட்டும் சரியான துளையில் விழும். கூடுதல் வேகம் என்றால் தாண்டிப் போகும், குறைவென்றால் முன்னாலேயே விழும். தமிழில் காசு செல்லும், செல்லாது என்கிறோம். இந்தப் பெட்டிக்குள் அது நேர்ப்பொருளிலேயே நடக்கிறது. எங்கே செல்கிறது என்பதுதான் தீர்ப்பு.

காவலாளி பலமானால் ராஜாவும் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது நிக்கல் ஆயுதங்களுக்குத் தேவைப்பட்டது. 1942-ல் அமெரிக்கா ஐந்து சென்ட் நாணயத்திலிருந்து நிக்கலை எடுத்துவிட்டு 56 சதவீதம் செம்பு, 35 சதவீதம் வெள்ளி, 9 சதவீதம் மாங்கனீஸ் என்று ஒரு வினோதக் கலவைக்குப் போனது. புதிய நாணயமும் இயந்திரங்களில் செல்ல வேண்டும் என்பதும் அந்தக் கலவையைத் தீர்மானித்த காரணங்களில் ஒன்று. 1943-ல் செம்பை மிச்சம்பிடிக்க எஃகில் ஒரு சென்ட் அடித்தார்கள். இயந்திரங்கள் அதைக் காந்தத்தில் பிடித்து நிறுத்திவிட்டன. அரசாங்கமே அடித்த காசு, ஆனால் பெட்டியைப் பொறுத்தவரை அது இரும்பு வில்லை.

1965-ல் இந்தப் பாடம் முழுதாகப் பலித்தது. வெள்ளி விலை ஏறிக்கொண்டிருந்தது. 90 சதவீதம் வெள்ளியில் அடிக்கப்பட்ட 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களை இனித் தொடர முடியாது. வெறும் செம்பு-நிக்கல் கலவையில் அடித்தால் மலிவு, பார்க்கவும் வெள்ளி மாதிரியே இருக்கும், மக்கள் பழகிவிடுவார்கள். ஆனா அந்தக் கலவை மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். வெள்ளிக் காசுக்காக அமைக்கப்பட்ட சரிவில் அது வேகமாக ஓடித் தப்பான துளையில் விழும். நாடெங்கும் இருந்த இயந்திரங்களை எல்லாம் மாற்றியாக வேண்டும். தீர்வு என்ன தெரியுமா? நடுவில் சுத்தமான செம்பு, மேலும் கீழும் செம்பு-நிக்கல் தகடு. வெளியே மனிதனுக்கு, உள்ளே இயந்திரத்துக்கு. கால் டாலரின் எடை 6.25 கிராமிலிருந்து 5.67 கிராமாகக் குறைந்தது, விட்டம் மாறவில்லை, பழைய பெட்டிகள் புதுக் காசை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டன. 1965 ஜூலை 23 அன்று ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்றும் அமெரிக்கக் கால் டாலரின் ஓரத்தைப் பாருங்கள், செம்பு நிறக் கோடு தெரியும்.

ஏழு வருடம் கழித்து, 1972-ல், கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கூடத்தில் அட்டாரி தன் முதல் பாங் பெட்டியை வைத்தது. சில நாளில் பழுது என்று அழைப்பு வந்தது. ஆல் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் சர்க்யூட்டில் ஒரு கோளாறும் இல்லை. கால் டாலர்கள் நிரம்பி வழிந்து காசு அமைப்பு அடைபட்டிருந்தது. வீடியோ கேம் வரலாற்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. எனக்கு அதில் பிடித்தது, திரையில் புரட்சி நடந்துகொண்டிருந்தபோதும் அதன் தலைவிதி கீழே ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தது என்பதுதான்.

பிறகு மின்னணு வந்தது. ஆர்கேடுகளில் பிரபலமான ஒரு வகை, ஒப்பிடும் வகை. கம்பிச்சுருள்களுக்கு இடையே ஒரு மாதிரிக் காசைச் செருகி வைத்துவிடுவார்கள். நாம் போடும் காசு இன்னொரு இடைவெளி வழியாக விழும். இரண்டு பக்கச் சமிக்ஞையும் ஒன்றையொன்று ரத்து செய்தால் அனுமதி. காசா டோக்கனா என்ற கேள்வியே இல்லை, உள்ளே எது உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் பணம். அடுத்து வந்தவை கற்றுக்கொள்ளும் வகை. இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான்.

அப்படி ஒன்றை நானே பொருத்தியிருக்கிறேன். சென்னையில் நண்பன் ஒருவன் தன் அடுக்ககத்தின் பொங்கல் விழாவுக்காகப் பழைய பாணியில் ஒரு கேம் பெட்டி செய்தான். ஆறு வகைக் காசு ஏற்கும் வேலிடேட்டரை என்னிடம் கொடுத்து, "நீதான் மச்சான் இதுக்கு சரி" என்றான். வேலை கஷ்டமில்லை. சிவப்பு வயரில் 12 வோல்ட், கறுப்பு தரை, வெள்ளை வயரில் காசு விழுந்ததைச் சொல்லும் துடிப்பு. எத்தனை வகைக் காசு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதிரி, எத்தனை துடிப்பு என்று பொத்தானில் சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு துல்லிய எண். சின்ன எண் வைத்தால் கறார், பெரிய எண் வைத்தால் தாராளம். பிறகு ஒவ்வொரு வகையிலும் இருபது காசைப் போட்டுப் பழக்க வேண்டும். அவ்வளவையும் கேட்டுவிட்டு அது கேமுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு வயரில் சில பத்து மில்லி விநாடித் துடிப்பு. கேமுக்கு ரூபாயும் தெரியாது, சிங்கமும் தெரியாது.

ஒரு ரூபாய்க்கு ஒரு துடிப்பு, இரண்டு ரூபாய்க்கு இரண்டு. பழக்கி முடித்து நண்பன் ஒரு காசைப் போட்டான். திரையில் இரண்டு கிரெடிட். "டேய், இது ஒரு ரூபாடா. ரெண்டுன்னு சொல்லுது."

துல்லிய எண்ணைக் குறைத்தோம். அப்பவும் ரெண்டுதான். இன்னும் குறைத்தால் தேய்ந்த நல்ல காசெல்லாம் வெளியே விழுந்தது. கடைசியில் அளந்து பார்த்தோம். 1992 முதல் வந்த பழைய ஒரு ரூபாய்: காந்தம் ஒட்டும் எவர்சில்வர், 25 மி.மீ., 4.85 கிராம். 2011-ல் வந்த இரண்டு ரூபாய்: காந்தம் ஒட்டும் எவர்சில்வர், 25 மி.மீ., 4.85 கிராம். கொரியாக்காரன் யாரும் டிரில் போடத் தேவையே இல்லை, நம் நாணயச்சாலையே இரண்டையும் இரட்டையராக அடித்திருக்கிறது. வேலிடேட்டர் சரியாகத்தான் சொன்னது. நண்பன் டோக்கனுக்கு மாறிவிட்டான். ஆர்கேடுக்காரர்கள் பலர் டோக்கன் பக்கம் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. அரசு அடிக்கும் காசு எப்போது மாறும் என்று தெரியாது, சொந்தக் காசு மாறாது.

அன்று இரவு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பெட்டி படிப்பது போலவே நாணயத்தைப் படிக்கும் மனிதர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பார்வையற்றவர்கள். அளவு, எடை, ஓரம். விரலுக்குத் தெரிவது இவ்வளவுதான். மின்சார ரயிலில் கடலை மிட்டாய் விற்பவரின் கையில் யாரோ பழைய ஒரு ரூபாயை இரண்டு ரூபாய் என்று வைத்தால், அவர் அதை என்ன வைத்துக் கண்டுபிடிப்பார்? போதாததற்கு 2011 வரிசையில் இரண்டு ரூபாய் 25 மி.மீ., ஐந்து ரூபாய் 23 மி.மீ. மதிப்பு ஏற அளவு குறைகிறது. வடிவமைத்தவர்கள் படத்தையும் எண்ணையும் மாற்றினார்கள். பார்ப்பவனுக்கு அது போதும். பார்வையற்றோருக்கான தேசியச் சங்கம் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2019 மார்ச்சில்தான் பார்வையற்றோரை மனதில் வைத்து ஒரு புதிய வரிசை வந்தது. 20, 23, 25, 27 மி.மீ. என்று ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாய் ஏறுவரிசையில். இருபது ரூபாய் பன்னிரண்டு பக்கங்களோடு.

அமெரிக்கா 1965-ல் இயந்திரத்தைக் கேட்டு நாணயம் அடித்தது. ஜப்பான் 2000-ல் 500 யென்னின் உலோகத்தையே மாற்றியது. அதே விட்டம், ஆனால் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை, 7 கிராம். 2021-ல் மறுபடியும், இந்த முறை இரு நிறத்தில். இயந்திரத்தின் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது, அது குரல் எழுப்பினால் அரசுகள் சீக்கிரம் கேட்கின்றன. அதே கேள்வியை விரல்கள் கேட்டபோது பதில் வரத் தாமதமானது.

இதற்கு நேர்மாறான கூத்தும் நம் ஊரில்தான் நடந்தது. பத்து ரூபாய் நாணயம். கோடு பத்தா பதினைந்தா, ரூபாய்க் குறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, கள்ளக்காசு என்ற வதந்தியில் பல கடைகளில் வாங்க மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்ட பிறகும் "அது இங்க ஓடாதுங்க" என்று சில்லறையைத் திருப்பித் தந்தவர்கள் உண்டு. நண்பனின் பெட்டியில் பத்து ரூபாயைப் பழக்கியிருந்தால் அந்தப் பதினான்கையும் ஒரே காசு என்று வாங்கிப் போட்டிருக்கும். 27 மி.மீ., இரட்டை உலோகம், தீர்ந்தது. கண் இருப்பவர்கள்தான் படத்தைப் பார்த்துப் பயந்தார்கள்.

இப்போது பெரிய கேம் சென்டர்களில் காசுத் துளையே இல்லை, கார்டைத் தேய்க்கிறார்கள். கடைகளில் க்யூஆர். கிராம் கணக்கில் காசை எடைபோடும் பெட்டிகள் மெல்லப் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. ஆனால் பழைய ஒரு ரூபாய் இன்னும் செல்லும். 2011-ன் இரண்டு ரூபாயும் செல்லும். இரண்டும் ஒரே சுருக்குப்பையில் கிடக்கின்றன. சந்தேகமிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, எது என்று சொல்லிப் பாருங்கள்.