மட்டை அவர்களுடையது, விதி யாருடையது?

தெரியாத விளையாட்டு ஒன்றைப் பார்த்தால் முதலில் விதிகளைத்தான் கேட்கிறோம். லாக்ராஸுக்கு அந்தப் பதில் சுலபம். நுனியில் வலை பின்னிய மட்டை, சின்ன ரப்பர் பந்து, அணிக்குப் பத்துப் பேர். கோல்கீப்பர் தவிர யாரும் பந்தைக் கையால் தொடக் கூடாது. வலையில் ஏந்தி ஓடி, எறிந்து, கோல் போட வேண்டும். அவ்வளவுதான். யார் ஆடலாம் என்ற விதியை எழுதியது யார் என்று கேளுங்கள் தோழர்களே, கதை அங்கேதான் தொடங்குகிறது.

இது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். மோஹாக், ஒனண்டாகா உள்ளிட்ட ஆறு தேசங்களின் கூட்டமைப்பான ஹோடினஷோனி மக்களுக்கு இது படைத்தவன் தந்த ஆட்டம். நோயாளி குணமாகவும் ஆடுவார்கள். மர மட்டையைப் பெண்கள் தொடக் கூடாது என்ற மரபும் அங்கே உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் மரபு என்பதற்காக அதைக் கேள்வி கேட்காமல் விட வேண்டியதில்லை. இன்று அவர்களுடைய பெண்கள் அணி உலகப் போட்டிகளில் ஆடுகிறது.

1867-இல் மான்ட்ரியல் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி, கனடாவின் தேசிய விளையாட்டு என்று பிரச்சாரம் செய்தார். 1876-இல் மோஹாக் வீரர்களையும் பிரிட்டனுக்கு அழைத்துப்போய் விக்டோரியா ராணி முன் ஆட வைத்தார். வேடிக்கை காட்ட அவர்கள் தேவைப்பட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 1880-இல், கனடாவின் தேசிய லாக்ராஸ் சங்கம் ‘அமெச்சூர்’ வீரர்களுக்கு மட்டுமே இடம் என்றது. பயணச் செலவுக்காகக் காசு வாங்கி ஆடிய பூர்வகுடி அணிகள் தொழில்முறை அணிகள் ஆகிவிட்டன. வெளியே போ என்று யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. ‘தகுதி’ என்ற சொல்லை நம் ஊரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. லண்டனில் 1866-இலேயே ஓர் அமெச்சூர் தடகளச் சங்கம் கைவினைஞரையும் கூலித் தொழிலாளியையும் விலக்கி விதி எழுதியிருந்தது.

ஹோடினஷோனி மக்கள் 1983-இல் தங்களுக்கென அணி அமைத்தார்கள். 1990-இல் உலகச் சாம்பியன்ஷிப்பில் தனித் தேசமாக ஆடினார்கள். 2010-இல் மான்செஸ்டர் போட்டிக்குப் புறப்பட்டபோது, அவர்களுடைய சொந்தப் பாஸ்போர்ட்டை பிரிட்டன் ஏற்கவில்லை. அமெரிக்க, கனடியப் பாஸ்போர்ட்டில் போயிருக்கலாம். மறுத்து, போட்டியையே இழந்தார்கள்.

2022 உலக விளையாட்டுப் போட்டியிலும் முதலில் அவர்களுக்கு இடமில்லை. 2018-இல் உலக அளவில் மூன்றாமிடம் பிடித்த அணி அது! அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. காலனியாதிக்கம் என்றால் என்னவென்று தெரிந்த நாடு அல்லவா.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லாக்ராஸ் மீண்டும் வருகிறது. தேசிய ஒலிம்பிக் கமிட்டி உள்ள நாடுகளுக்கே அனுமதி என்பது விதி. ஹோடினஷோனி அணிக்கு விலக்கு கேட்டு 2023-இல் அமெரிக்க அதிபர் பைடனே பேசினார். அமெரிக்க அணியிலோ கனடா அணியிலோ சேர்ந்து ஆடலாமே என்றது ஒலிம்பிக் தரப்பு. 2010-இல் விமானம் ஏறாமல் அவர்கள் மறுத்ததும் இதைத்தான்.